ஊத்தாங்குளத்து ஒத்து

ஊத்தாங்குளம் என்றொரு ஊர் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்த ஊரில் ஆயிரத்து நூறு விசைத்தறியும், தறிகளை ஓட்ட ஆட்களும், அத்தனை ஆட்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் அபிப்பிராயமும் இருந்தன, அந்த அபிப்பிராயத்தைப் பேரூராட்சித் தலைவர் குற்றாலலிங்கம் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் டீக்கடை வாசலில் காரை விட்டு இறங்கி, “இன்னைக்கு வெயில் கூடுதல்” என்றால், கடையில் நிற்கிற பதினெட்டுப் பேரும் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். மேகம் கறுத்து நாலு தூறல் விழுந்துகொண்டிருந்தாலும் துடைத்துக்கொள்வார்கள். துடைக்க வேர்வை வராதவன் டீயைத் தொட்டு நெற்றியில் தடவிக்கொள்வான். வெட்கம் என்ற சாமானை அந்த ஊருக்குள் யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததாகத் தகவல் இல்லை.

அப்படிப்பட்ட ஊரின் சமுதாய நலக்கூடத்துச் சுவரில் ஒரு நாள் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ‘காற்றுக் கருவி தொடக்கநிலை மாணவர்களுக்கு இலவசக் காதுப் பயிற்சி’ என்று அதில் இருந்தது. நாயனம் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் சுருதியைக் கேட்கப் பழக்கிவிடுகிற வகுப்பு அது. தான் போகிற இடமெல்லாம் முன்னால் ஊதிக்கொண்டு போக ஊருக்கென்று ஒரு நாயனக் கோஷ்டி வேண்டும் என்று ஆசைப்பட்ட சேர்மன் குற்றாலலிங்கம் மேலே எழுதிப்போட்டு வாங்கிவந்தது. ஊர்க்காரர்கள் அந்த நோட்டீஸில் ‘இலவச’ என்பதையும் ‘காது’ என்பதையும் மட்டும் வாசித்தார்கள், அதற்கு மேல் வாசிப்பது அவர்களுக்கு வழக்கமில்லை. ஆகவே திங்கட்கிழமை காலையில் சீழ் வடிகிற காது, இரைகிற காது, எறும்பு புகுந்த காது என்று முப்பது நாற்பது காதுகள் நலக்கூடத்து வாசலில் வரிசையில் நின்றன. சொட்டு மருந்து கிடையாது என்று தெரிந்ததும் வரிசை கலைந்தது; மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி ஆறு பேர் மட்டும் நின்றார்கள்; ஏழாவதாக மூக்கம்மாள் நின்றாள், அவள் பொட்டலத்துக்காக நிற்கவில்லை.

மூக்கம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது, அதில் பத்தொன்பது வருஷம் தறிக்கூடத்தில் போனது. ஊரில் அவளுக்குச் ‘செவிட்டு மூக்கம்மா’ என்று பெயர். யாராவது எதையாவது சொன்னால் உடனே ‘ஆமா ஆமா’ போடாமல், அது ஆமாவா இல்லையா என்று ஒரு மூச்சு நேரம் யோசிப்பாள். யோசிக்கிற முகத்தை அதற்கு முன் பார்த்தறியாத ஊர், இவளுக்குக் காது அவுட்டு என்று முடிவு கட்டிவிட்டது. ஊரே சொல்கிறதே என்று அவளும் நம்பிவிட்டாள். தறிக்கூடத்தில் நாலு தறி ஒன்றாக இடிக்கிற இடியில், மூன்றாவது தறியில் இழை அறப்போகிறது என்று அறுவதற்கு முன்னாலேயே எழுந்து போய் நிற்பாள், ஒரு நாளும் அது தவறியதில்லை. அதற்குப் பெயர்தான் காது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வகுப்பெடுக்க வந்த தவசெல்விக்கு இருபத்தாறு வயது, அரசு இசைப்பள்ளியில் படித்தவள், ஒப்பந்த வேலை.

“டீச்சர், எனக்கு மருந்து வேண்டாம்” என்றாள் மூக்கம்மாள். “என் காது செத்துப்போச்சா, உசுரோட இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

தவசெல்வி அவள் கையில் ஒரு நீளக் குழலைக் கொடுத்தாள். “இதை ஊதுங்க. இது சொல்லிரும்.”

அது ஒத்து. பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும், விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது, ஒரே சுரம்தான் பேசும். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு ஒத்து கிடைத்தது. ஒருவன் என்ன சொன்னாலும் கூடவே தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்பது உலக வழக்கு ஆகையால், ரிட்டயர்டு கண்டக்டர் வேலாண்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

“இதுக்கா டீச்சர் வகுப்பு? எங்க ஊர்ல தொட்டில் பிள்ளைகூட இதை ஊதுமே!”

“நீங்க நினைக்கிறது வேற அண்ணாச்சி” என்றாள் தவசெல்வி. “ஒத்து யார் பின்னாலயும் போகாது. அது நின்ன இடத்துல நிக்கும். நாயனக்காரர் எங்க சுத்தினாலும் அதுகிட்டத்தான் திரும்பி வரணும். ஆறு மாசம் ஒத்து ஊதிக் காது பழகுறவங்களுக்கு மட்டும்தான் நாயனம்.” அவள் கைகாட்டிய கண்ணாடி அலமாரிக்குள் ஏழு நாயனங்கள், எல்லாம் ஒத்தோடு சேருகிற இரண்டரைக் கட்டைச் சுருதி, பட்டுக்குஞ்சம் கட்டிப் படுத்திருந்தன, அலமாரிச் சாவி சேர்மனிடம் இருந்தது. மூக்கம்மாள் அன்றைக்கு அந்த அலமாரியைப் பார்த்த பார்வையில் அவள் வயிறு பசியை மறந்தது. அதில் ஒன்று தன் கைக்கு வர வேண்டும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட முதல் சாமான் அது.

பாடம் எளிது. டீச்சர் ஒரு சுரம் பாடுவாள், மாணவர் ஒத்தில் ஊதுவார், இரண்டும் சேராவிட்டால் நடுவில் ஒரு நடுக்கம் கேட்கும், ‘வவ்வவ்வவ்’ என்று, நெருங்க நெருங்க நடுக்கம் மெதுவாகும், சேர்ந்துவிட்டால் நின்றுபோகும். நடுக்கம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையைத் தூக்கினார்கள், ஒருவர் இறக்கினால் ஆறு பேரும் இறக்கினார்கள், அதைத்தானே அவர்கள் பிறந்ததிலிருந்து செய்துவருகிறார்கள். மூக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். நடுக்கம் கேட்டது. பத்தொன்பது வருஷமாக இழை அறுவதற்கு முன்னால் அவள் கேட்டுவந்த அதே நடுக்கம்.

“உங்க காது சாகலை” என்றாள் தவசெல்வி. “இந்த ஊர்ல உசுரோட இருக்கிற காது உங்களுதுதான்.” மூக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு காலம் தன்னிடம் இருந்த ஒன்றை இல்லை என்று நம்பவைத்த ஊரை நினைத்து அவளுக்கு முதல் முதலாகக் கோபம் வந்தது.

நாற்பத்து நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, மூக்கம்மாள் கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சிழுத்து, இழை விடாமல் ஊதிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தும்மல் வந்தது. குழலின் நுனியில் செருகிய நாணல் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துத் தும்மினாள். சத்தம் நிற்கவில்லை. இன்னொரு தும்மல் போட்டாள், குழலைக் கீழே வைத்தாள், தண்ணீர் குடித்தாள். சத்தம் மின்விசிறி உயரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தவசெல்வி வருகைப் பதிவேட்டில் எதையோ எழுதிவிட்டு, “சரி, அது இருக்கட்டும், நாளைக்குப் பார்ப்போம்” என்றாள். வேலாண்டி பொட்டலம் எப்போது வரும் என்று கேட்டார். சாயங்காலம் அது ஜன்னல் வழியாக வெளியே வந்து கடைவீதியில் இறங்கியது, புதன்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போனது, வெள்ளிக்கிழமை குளத்தங்கரை வரைக்கும் ஊர் முழுக்க நிறைந்து, மழைக்கும் அசையாமல், தறிச் சத்தத்துக்கும் மடங்காமல், அங்கேயே குடியிருக்க ஆரம்பித்தது.

ஊத்தாங்குளம் வாயைப் பிளக்கவில்லை. டிரான்ஸ்பார்மர் என்று முதலில் சொன்னார்கள். லைன்மேன் ஏறிப் பார்த்து, நம்ம சரக்கு இல்லை என்று இறங்கிவிட்டார். இது நல்லதா கெட்டதா என்று சேர்மனைக் கேட்டார்கள். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லையாதலால், “இருந்துட்டுப் போகட்டும்” என்றார். இருந்துட்டுப் போகட்டும் என்று பதினெட்டுப் பேரும் சொன்னார்கள். பிறகு பழகிவிட்டது. தாய்மார்கள் அழுகிற பிள்ளையை வாசலில் கொண்டுவந்து கிடத்தினால் அது சத்தத்தைக் கேட்டுத் தூங்கியது, மினிபஸ் டிரைவர்கள் ஹாரனை அதோடு வைத்துச் சரிபார்த்தார்கள், வீட்டுத் தரகர்கள் ‘சத்தம் நல்லா விழுகிற வீடு’ என்று சொல்லி முன்னறையைக் காட்டினார்கள். தங்கள் தாத்தா காலத்தில் ஊதியது இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று நாலு குடும்பங்கள் உரிமை கொண்டாடி வாய்ச்சண்டை போட்டன. மூக்கம்மாளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, செவிடிக்கு என்ன தெரியும்?

குடியரசு தினம் வந்தது. பேரூராட்சி வாசலில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, சேர்மன் மைக்கைப் பிடித்து, “என் உயிரினும் மேலான ஊத்தாங்குளத்து மக்களே” என்று ஆரம்பித்ததும், அவர் குரல் போய் அந்தச் சத்தத்தில் மோதி ‘வவ்வவ்வவ்’ என்று நடுங்கியது. இருமுகிற நாய் மாதிரி இருந்தது. குரலை ஏற்றினார், நடுக்கம் வேகமாயிற்று. இறக்கினார், மறுபக்கம் நடுங்கியது. குடிநீர்த் திட்டம் என்றார், வவ்வவ். உங்களில் ஒருவன் என்றார், வவ்வவ்வவ். மிட்டாய்க்காக நின்ற ஒரு சின்னப்பெண் ‘களுக்’கென்று சிரித்தாள், அவள் தாய் அவள் வாயைப் பொத்தினாள், பொத்திய கை குலுங்கியது, ஏனென்றால் தாய்க்கும் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு ஊர் முழுக்கக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

மறுநாள் அவசரக் கூட்டம் போட்டார்கள். ‘மேற்படி ஒலி சுருதி விலகியது எனவும், தலைவர் அவர்களின் குரலே ஊரின் சுருதி எனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.’ தீர்மானத்துக்கு நிபுணர் கையெழுத்து வேண்டும் என்று தவசெல்வியைக் கூப்பிட்டார்கள். அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற காகிதம் சேர்மன் மேஜையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. தவசெல்வி காகிதத்தைப் பார்த்தாள், பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள், பேனாவைக் கேட்டாள். ஒத்து யார் பின்னாலும் போகாது என்று பாடம் நடத்தியவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அவளைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை, ஆனால் பாராட்ட நிச்சயமாக வரவில்லை.

அவள் வகுப்புக்கு வந்து, மூக்கம்மாள் முகத்தைப் பார்க்காமல், “நாளையிலருந்து எல்லாரும் அடியில இருக்கிற சுருதித் துளையில மெழுகு வச்சு, ஒத்தைச் சேர்மன் சார் குரலுக்குச் சேத்துக்கோங்க” என்றாள்.

“அவிய குரல் எங்க நிக்கி டீச்சர்? சேக்கதுக்கு ஒரு இடம் வேணும்லா?” என்று கேட்டாள் மூக்கம்மாள்.

“அதெல்லாம் கேக்காதீங்க அக்கா. ஊதுங்க.”

“கேக்கதுக்குத்தான டீச்சர் வந்தேன்.”

மூக்கம்மாள் ஊதவில்லை. மறுநாள் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘காது கோளாறு’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடி அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை தலையாட்டியிருந்தால் ஆறு மாசத்தில் ஒன்று கைக்கு வந்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் அந்த நடுக்கம் தன் காதில் கேட்காமலே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, உயிரோடு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்த காதைக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மற்ற ஆறு பேரும் சேர்மனுக்கு ஒத்து ஊதக் கிளம்பினார்கள். பாவம், அந்தப் பாட்டை என்னவென்று சொல்ல! மேலிடத்துக்குப் போன் பேசும்போது சேர்மன் குரல் ஒரு கட்டையில் இருந்தது, காண்டிராக்டரிடம் ஒரு கட்டையில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வந்த கிழவியிடம் ஒரு கட்டையில், வீட்டில் சம்சாரத்திடம் பூனைக்குட்டிக் கட்டையில். காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒன்பது இடம் மாறியது. ஆறு பேரும் மெழுகை வைப்பதும் பிடுங்குவதுமாக, அவர் காருக்குப் பின்னால், கழிவறைக்கு வெளியே, கல்யாணப் பந்தியில் இலைக்கு எதிரே நின்று, கன்னம் வீங்க ஊதினார்கள். “எனக்கு ஒத்து ஊதக்கூட இந்த ஊர்ல ஒழுங்கா ஒருத்தனும் இல்லியாவே!” என்று சேர்மன் கத்தினார், அந்தக் கத்தலுக்கும் ஒரு கட்டை தேடினார்கள்.

ஊரில் நின்ற சத்தமும் இவர்கள் ஊதிய சத்தமும் இரவும் பகலும் முட்டிக்கொண்டன. பாத்திரங்கள் தட்டில் நின்று நடுங்கின, பால் திரிந்தது, தறியில் இழை இழையாக அறுந்தது, சொத்தைப் பல் உள்ளவர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். அண்ணாச்சி, செத்த நேரம் பேசாமல் இருங்களேன் என்று சொல்ல அத்தனை பேரில் ஒரு வாய்கூட இல்லை. அதற்குப் பதிலாகத் தறிக்கூடங்களில் கிடந்த கழிவுப் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்கள். அடைத்ததும் சுகமாக இருந்தது. சுகமாக இருப்பதைச் சடங்காக்குவதற்கு ஊத்தாங்குளத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஒரு மாசத்துக்குள் பிள்ளைகளுக்குக் காதுகுத்தோடு காதடைப்பும் வந்துவிட்டது. பத்திரிகை அடித்து, சேர்மன் படம் போட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து, மாமன்சீராக வந்த வெள்ளிக்கிண்ணத்திலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்து, பந்தி போட்டார்கள். பிள்ளை அழுதது. அது யாருக்கும் கேட்கவில்லை.

ஆறாம் மாதம் ஆறு பேருக்கும் பொன்னாடை போர்த்தி நாயனம் கொடுத்தார்கள். காதில் பஞ்சோடு மேடையேறி வாங்கி, காதில் பஞ்சோடு வீட்டுக்குப் போய், டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜாவோடு நிறுத்திவைத்தார்கள். வேலாண்டி மட்டும் தன்னுடையதில் கொசுவலையின் ஒரு மூலையைக் கட்டினார். ஒத்துகளைத் தூக்கிப்போட்டாயிற்று, யாருக்குத்தான் இனி கேட்கப்போகிறது?

பஞ்சு வைக்காத ஆள் ஊரில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி மூக்கம்மாள். இன்னொருவர் குற்றாலலிங்கம், தன் குரலைத் தானே கேட்காமல் அவரால் அரை நாள் இருக்க முடியாது. ஆனால் இப்போது பேசுவது அவருக்கு நரகமாகிவிட்டது. கூட்டத்தில் பேச்சின் உச்சியில் நின்று பார்ப்பார், கைதட்டல் வராது. துண்டை எடுத்து முகம் துடைப்பார், முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஊர் தட்டும். ஆமாம் போடுகிற வாய்கள் எப்போது போடுவதென்று தெரியாமல் கண்ட இடத்தில் போட்டன. கைதட்டல் இல்லாத அந்த இடைவெளியில், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவர் தன் குரல் நடுங்குவதை முழுசாகக் கேட்டார். வவ்வவ்வவ். சாப்பாட்டில் கேட்டார், பூஜையறையில் கேட்டார், ‘முருகா’ என்று சொன்னாலும் கேட்டார்.

ஒரு மத்தியானம், தறிகள் சாப்பாட்டுக்கு நின்றிருந்த நேரம், அவர் தனியாக மூக்கம்மாளின் தறிக்கூடத்துக்கு வந்தார். கையில் பட்டுக்குஞ்சம் கட்டிய ஏழாவது நாயனம் இருந்தது. மூக்கம்மாள் தூக்குச்சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். அவள் கண் நாயனத்தை விட்டு நகரவில்லை, அதை அவரும் பார்த்தார்.

“இது ஒனக்குத்தான். எடுத்துட்டு வந்துட்டேன். சீவாளிகூட உள்ள இருக்கு” என்றார்.

“என்னத்துக்கு அண்ணாச்சி?”

அவர் நாயனத்தைத் தறியின் மேல் வைத்தார். வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார், செருமலும் நடுங்கியது. “நான் ஒண்ணு பேசுதேன். நீ கேளு. சேந்திருக்குன்னு ஒரே ஒரு தடவ சொல்லிரு. ஊர்ல வேற எவன் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்கு. நீ சொன்னா நான் தூங்கிருவேன்.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, தன் வாழ்நாளிலேயே மிகச் சிரத்தையாக, “ஊத்தாங்குளத்து மக்களே” என்றார். ஊரில் நின்றுகொண்டிருந்த அந்தச் சத்தம் அதை வாங்கிக்கொண்டது. நின்ற தறிகளுக்கு நடுவில் நடுக்கம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பியது.

“சேந்திருக்கா?” என்றார்.

மூக்கம்மாள் வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் யோசித்தாள். நாயனத்தைப் பார்த்தாள், அதன் அடியில் விரிந்த அனசுப் பூவில் ஜன்னல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலக் கை பரபரத்தது.

“இல்ல அண்ணாச்சி” என்றாள்.

குற்றாலலிங்கத்துக்கு அந்தச் சொல் புதிது. அது முடிந்துவிட்டதா, பின்னால் இன்னும் ஏதாவது வருமா என்பதுபோல அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “கொஞ்சமாவது?” என்றார்.

“இல்ல. ஆனா பழகலாம். ஆறு மாசம் வாயை மூடிக்கிட்டு அதையே கேளுங்க. கேட்டா வந்துரும்.”

அவர் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி கோணியது. ஆறு மாசம் வாயை மூடுவதா? அதை நினைத்துப் பார்க்க அவருக்கு அரை நிமிஷம்தான் பிடித்தது. தறிக்கு அடியில் குவிந்து கிடந்த கழிவுப் பஞ்சில் ஒரு கைப்பிடி அள்ளினார், உருட்டினார், வலது காதில் ஒன்றும் இடது காதில் ஒன்றுமாகத் திணித்தார். முகம் தெளிந்துவிட்டது. “ஆங், இப்போ சேந்திருக்கு!” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார், ஊருக்குத்தான் கேட்காது, விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

“அண்ணாச்சி! நாயனத்தை விட்டுட்டுப் போறியளே!” மூக்கம்மாள் வாசல் வரைக்கும் ஓடிவந்து கத்தினாள். “அண்ணாச்சீ!” அவர் திரும்பவில்லை. யாரோ தன்னை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, போகிற போக்கில் வலது கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். தெருவில் நின்ற பதினெட்டுப் பேரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து ஊத்தாங்குளத்தில் எல்லாருக்கும் எல்லாம் சேர்ந்திருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

மூக்கம்மாள் உள்ளே வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாயனத்தை எடுத்தாள், சீவாளியை நாக்கில் நனைத்துச் செருகினாள், துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவித் தெரிந்துகொண்டாள். நாயனக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஊரில் அவளுக்கு யார் பிடிப்பார்கள்? ஆனால் அவள் என்றைக்கோ ஊதிவிட்ட மூச்சு தலைக்கு மேலே இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஊதினாள். நாயனம் கோழி மாதிரிக் கத்தி நடுங்கியது.

“இல்ல” என்றாள் தனக்குத்தானே.

மறுபடி ஊதினாள். “இல்ல.” உதட்டை இறுக்கினாள், இளக்கினாள், ஊதினாள். “இல்ல.” சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் பஞ்சுக் காதோடு உள்ளே வந்து, அவள் கையில் இருப்பதை நூல் சுற்றுகிற தார்க்குச்சியாக்கும் என்று நினைத்துக்கொண்டு, தறிகளை ஓடவிட்டார்கள். நாலு தறி இடித்தது. அவள் இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டே ஊதினாள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை.

பதினோராவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த துளையில் விரலைத் திறந்தாள்.